கேட்காமல் நேர்ந்த கடன்

பாளையங்கோட்டை,
1911 செப்டம்பர் 3

சௌபாக்கியவதி பிரம்மநாயகிக்கு ஆசீர்வாதம்.

நானும் அம்மாவும் சுகம். ஞானத்தின் உடம்பைப் பற்றி விவரமாக எழுது. விஷக்காய்ச்சல் விட்ட பிறகு குழந்தைக்கு முடி கொட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னும் ஒரு மாதத்துக்கு வெந்நீர்தான் குடிக்க வேண்டும். உன் அம்மா ஆற்றுத் தண்ணீரை அப்படியே கொடுத்தாலும் நீ விடாதே.

பத்து நாள் என்று சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் போனாய். ஆவணியும் பாதி போய்விட்டது. நேற்று மாமா கலெக்டர் கச்சேரி வேலையாக வந்தவர், பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். பையன்கள் வெளியே போய்க்கொண்டிருக்கிற நேரம். "மாப்பிள்ளை, அவ ஒரே சொல்லா நிக்கா. நீங்க செந்தூர் போயி முடி எறக்கினாத்தான் அங்கன வருவாளாம். நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் குரல் உனக்குத் தெரியும். நான்காம் பார வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் என் தலையைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

குழந்தை இருபத்தொரு நாள் படுத்திருந்தபோது நீ நேர்ந்துகொண்டாய். சரி. உன் தாலியை நேர்ந்திருக்கலாம், உண்ணாவிரதத்தை நேர்ந்திருக்கலாம். நான் மொட்டையடித்து, இங்கிருந்து செந்தூர் வரைக்கும் நடந்து வருவேன் என்று என்னைக் கேட்காமலே எப்படி நேர்ந்தாய்? என் தலை உன் சீதனத்தில் வந்ததா?

ஞானத்தைப் பிழைக்க வைத்தது டாக்டரும், பார்லித் தண்ணீரும், ஈரத்துணியும், நாம் மாறி மாறி விழித்திருந்ததும்தான். நீயே கூட இருந்து பார்த்தாய்.

புறப்பட்டு வா. அம்மாவுக்கு முட்டி வலி. சமையலுக்கு ஆள் இல்லை.

சிவசைலம்

*

அம்பாசமுத்திரம்,
விரோதிகிருது வருஷம் ஆவணி 22

அத்தான் அவர்களுக்கு பிரம்மநாயகி நமஸ்காரம்.

ஞானம் நன்றாக இருக்கிறாள். நாலு வயதுப் பிள்ளை மாதிரி இல்லாமல் இளைத்துப்போய்விட்டாள், ஆனாலும் பசிக்கிறது என்று கேட்கிறாள். வெந்நீர்தான் கொடுக்கிறேன். அம்மாவோடு அதற்காகத் தினம் சண்டை. முடி கொட்டுகிறது. பயப்படவில்லை.

அப்பா வாசலில் வைத்துச் சொன்னது தப்பு. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

டாக்டர் மருந்து கொடுத்தார், நீங்களும் நானும் பார்த்துக்கொண்டோம். அதை யார் இல்லை என்றது? மருந்து கொடுக்காமல் விபூதி மட்டும் பூசு என்று நான் சொன்னேனா? ஆனால் ஒரு வேளை மருந்துக்கும் அடுத்த வேளை மருந்துக்கும் நடுவே நாலு மணி நேரம் இருந்தது. கொடுத்தாயிற்று, துடைத்தாயிற்று, செய்ய ஒன்றும் இல்லை. பிள்ளை கண்ணைத் திறக்காமல் பிதற்றுகிறாள். அந்த நாலு மணி நேரத்தை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்? நீங்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் புத்தகம் இல்லை.

உங்கள் தலையை ஏன் நேர்ந்தேன் என்று கேட்கிறீர்கள். என்னுடையது எதையும் கொடுக்க எனக்குச் சிரமமில்லை. கொடுக்கக் கஷ்டமானதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. நம் வீட்டில் கஷ்டமானது உங்கள் பிடிவாதம் ஒன்றுதான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உங்களுக்குச் சாமி இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனித் தேருக்கு நெல்லையப்பர் கோயிலுக்கு வருகிறீர்கள், வடம் தொடுகிறீர்கள், திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்கிறீர்கள். செந்தூர் என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறீர்கள். அத்தைகூட ஒருநாள் கேட்டார்கள், "அவனுக்கும் முருகனுக்கும் என்ன வழக்கு?" என்று. எனக்கும் தெரியவில்லை.

பிரம்மநாயகி

*

பாளையங்கோட்டை,
1911 செப்டம்பர் 16

பிரம்மநாயகிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வழக்கு ஒன்றும் இல்லை. அம்மா எதையாவது சொல்வாள்.

நான் தினமும் ஐந்தாம் பாரத்துப் பையன்களுக்கு நீராவி எப்படித் தள்ளுகிறது, தந்தி எப்படிப் பேசுகிறது என்று சொல்லிக்கொடுக்கிறேன். சீமையில் மனிதன் ஆகாயத்தில் பறக்கிறான். நீ அம்பாசமுத்திரம் போன ரயிலை எந்தச் சாமியும் இழுக்கவில்லை. போன மாதம் ஒரு பையன், மழை பெய்ய வைப்பது இந்திரனா ஆவியா என்று கேட்டான். ஆவி என்று அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினேன். நாளைக்கு அதே பையன் முன்னால் மொட்டைத் தலையோடு போய் நின்றால் அவன் எதை நம்புவான்? படத்தையா, தலையையா?

பழைய காலத்தில் மருந்து இல்லை, சாமி வேண்டியிருந்தது. மருந்து வந்த பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் எப்படி? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் பூசாரியிடம் போய்விட்டு, கடைசியில் வருகிறார்கள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஆனாலும் உன் மனசு ஆறவேண்டும் என்று ஒரு யோசனை செய்தேன். வண்டிக்காரன் பூதத்தான் சஷ்டிக்குச் செந்தூர் நடக்கிறான். அவனுக்கும் மொட்டை நேர்ச்சை இருக்கிறதாம். "ஐயா பேரையும் சேத்துச் சொல்லி எறக்கிட்டு வாரேன், சாமிக்குத் தெரியாதா?" என்றான். அவன் தலையிலேயே இரண்டு கடனும் தீரட்டும். இதற்கும் நீ சம்மதிக்காவிட்டால் உனக்கு வேண்டியது சாமி இல்லை, நான் தோற்பதுதான்.

பள்ளியில் காலாண்டுப் பரீட்சை. அம்மா மூன்று நாளாக ரசமும் அப்பளமும்தான் போடுகிறாள்.

சிவசைலம்

*

அம்பாசமுத்திரம்,
புரட்டாசி 12

அத்தானுக்கு,

பூதத்தான் தலையை அவன் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ளட்டும். பரீட்சைக்கு உங்கள் பையன் ஒருவன் வேறு ஆளை அனுப்பினால் நீங்கள் மார்க்குப் போடுவீர்களா?

நீங்கள் தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசையாம். நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்டீர்களா? தம்பி நாறும்பூநாதனுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டார் வந்துபோகிறார்கள். வருகிறவர்கள் எல்லாம், "மூத்தவ ஏன் இங்கன இருக்கா?" என்று அம்மாவைக் கேட்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு தேறவில்லை என்று அம்மா சொல்கிறாள். அந்த நேரம் பார்த்து ஞானம் முற்றத்தில் குதித்துக்கொண்டிருப்பாள்.

நேற்று அவள், "அப்பா ஏன் வரல?" என்றாள். பரீட்சை என்றேன். "எனக்கு உடம்பு சரியில்லாமப் போனா வருவாவளா?" என்று கேட்டாள். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பௌதிகப் புத்தகத்தில் பார்த்து எழுதுங்கள்.

எழுதக்கூடாது என்று ஐந்து வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எழுதப்போகிறேன். நம் பிள்ளை சண்முகம் இதே மாதிரிதான் கிடந்தான். இரண்டு வயது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், தூத்துக்குடி இங்கிலீஷ் மருந்துக் கடையில்தான் கிடைக்கும் என்று. நீங்கள் சனிக்கிழமை காலையில் ரயில் ஏறினீர்கள். திங்கள்கிழமை மத்தியானம் வந்தீர்கள். கடை அடைத்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை துரைமார் கடை திறக்க மாட்டார்கள், திறக்கும் வரைக்கும் காத்திருந்தேன் என்றீர்கள். அதற்குள் பிள்ளை போய்விட்டான். அந்தக் கடைக்காரன் விளங்காமல் போகவேண்டும் என்று நான் சொல்லாத நாள் இல்லை.

பூட்டின கடைக்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த இரண்டு நாளில் பக்கத்திலிருக்கிற செந்தூருக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான். மருந்தையே நம்பிக்கொண்டிருந்தீர்கள். அவனுக்குக் கேட்காததை இவளுக்காவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் நேர்ந்தேன். இப்போது தெரிந்ததா ஏன் உங்கள் தலை என்று?

சஷ்டி ஐப்பசி பத்தாம் தேதியை ஒட்டி வருகிறது. அதற்குள் வந்தால் மூன்று பேருமாகப் போவோம். வராவிட்டால் கடிதம் போடவும் வேண்டாம்.

பிரம்மநாயகி

*

பாளையங்கோட்டை,
1911 அக்டோபர் 8

பிரம்மநாயகிக்கு,

கடை அடைத்திருக்கவில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் கழித்து மீதியை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மருந்து என் கைக்கு வந்துவிட்டது. சிறிய குப்பி. கடைக்காரர் நல்ல மனிதர், சீட்டைப் பார்த்ததும் மற்றவர்களை நிறுத்திவிட்டு முதலில் எனக்குக் கட்டிக் கொடுத்தார். அவரை இனிமேல் திட்டாதே.

திரும்பி வருகிற வண்டி மூன்று மணிக்கு. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். செந்தூருக்குக் காவடி கட்டிக்கொண்டு போகிற கூட்டம் ஒன்று அங்கே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. அதில் சொரிமுத்து என்று ஒருவர், விளாத்திகுளம் பக்கம். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் மகனுக்கும் அப்படித்தான் இருந்ததாம், வைத்தியர் கைவிட்ட பிறகு செந்தூர் போய்த்தான் பிழைத்தானாம். "மருந்து கையில இருக்கு, சரி. அது கேக்கணுமே அய்யா? கேக்க வைக்கிறவன் அங்கல்லா இருக்கான்," என்றார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பி.ஏ. பாஸ் செய்திருந்தேன். டாக்டர் சீட்டை எழுதிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்; அது என் மனசில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. மூன்று மணி வண்டி போகிற சத்தத்தை நான் அவர்கள் மாட்டுவண்டியில் இருந்தபடி கேட்டேன்.

மறுநாள் காலையில் செந்தூர். கடலில் குளித்தேன். ஈர வேட்டியோடு சன்னிதியில் விழுந்தேன். என் வேலையை, படிப்பை, என் ஆயுசில் பாதியை எடுத்துக்கொள் என்றேன். பிரம்மநாயகி, நீ நினைப்பதுபோல நான் கேட்காமல் இல்லை. எந்த மனிதனும் அதைவிட முழு மனசோடு கேட்டிருக்க முடியாது. வெளியே வரும்போது பிள்ளை பிழைத்துவிட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம்தான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. சிரித்துக்கொண்டே வண்டி ஏறினேன்.

வாசலில் செருப்புகள் கிடந்ததைப் பார்த்தபோது குப்பி என் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்கு விடியும்போது போய்விட்டான் என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலமே நான் வந்திருந்தால் அவனுக்கு ஒன்றரை நாள் மருந்து உள்ளே போயிருக்கும்.

பிறகு டாக்டரிடம் கேட்டேன், அது போதுமானதாக இருந்திருக்குமா என்று. "சொல்ல முடியாது" என்றார். போதாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவர்.

இதனால்தான் அந்த ஊர்ப் பேரைக் கேட்டால் எழுந்து போகிறேன். இந்தக் காலத்துக்குச் சாமி வேண்டுமா வேண்டாமா என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் விவாதம் செய்வார்கள். நானும் நீராவியையும் தந்தியையும் எடுத்து விடுவேன். எல்லாம் வாய்ப்பேச்சு. என் வழக்கு நீராவியைப் பற்றியது இல்லை. ஒருமுறை முழுசாக நம்பினேன், நம்பின நேரத்துக்கு என் பிள்ளை விலையானான். மறுபடி அந்தக் கரையில் போய்த் தலை குனிந்து, நன்றி என்று சொல்ல என்னால் முடியாது. ஞானத்துக்காகக்கூட முடியாது.

நீ வராவிட்டாலும் சரி. கடைக்காரரைத் திட்டுவதைமட்டும் நிறுத்து.

சிவசைலம்

*

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி 18

அத்தானுக்கு,

நாலு வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். நீங்கள் செந்தூர் போனதற்காக இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அந்த வண்டியில் ஏறியிருப்பேன். ஐந்து வருஷம் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, நான் ஒரு பாவமும் அறியாத மனிதரைச் சபிப்பதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே, அதற்குக் கோபம். சேர்ந்து அழ வேண்டிய அழுகையை நீங்கள் ஒருபக்கம் நான் ஒருபக்கம் என்று வைத்துக்கொண்டு அழுதிருக்கிறோம். இது தீராது. தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

இனி உங்களைப் போகச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சொன்ன சொல் அங்கே கிடக்கிறது. நேர்ந்தது நான். அதனால் நான் போனேன். நீலாம்பாள் சித்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஞானத்தை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வண்டியை விட்டு இறங்கி நடந்தேன். கால் கொப்பளித்துவிட்டது.

முடி எடுக்கிற நாவிதர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "தாயி, தாலி கெடக்கு. நம்மவுக வீட்டுப் பொம்பளைய எறக்குததில்லையே. வீட்டய்யா எங்க?" என்றார். சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான், "அவிய நல்லா இருக்காவ. இது அவிய கடன், என் தலையில எடும்," என்றேன். அவர் கத்தியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னார். எடுத்து முடிக்கிற வரைக்கும் சித்தி திரும்பி நின்றுகொண்டாள்.

சன்னிதியில் அவன் முன்னால் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் வந்து விழுந்தாரே, அன்றைக்கு எங்கே போயிருந்தாய் என்று கேட்கத்தான் உள்ளே போனேன். கூட்டம் தள்ளியது. கேட்கவில்லை. கேட்டாலும் அவன் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரியும் அத்தான். அது உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. தெரிந்துகொண்டுதான் போகிறோம். ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. நன்றி என்று நானும் சொல்லவில்லை. "கொண்டுவந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

இங்கே வந்ததும் வீடு இழவு வீடாகிவிட்டது. அம்மா வாசலிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள், கட்டினவன் குத்துக்கல்லாக இருக்கும்போது அறுத்தவள் கோலத்தில் வந்து நிற்கிறாளே என்று. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தம்பி கல்யாணத்தில் நான் முன்னால் வரக்கூடாது, பெண் வீட்டார் வருகிற நாளில் பின்கட்டில் இருக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. சாமிக்குத்தானே கொடுத்தேன் என்றால், சாமிக்குக் கொடுக்கவும் முறை உண்டு என்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் முருகன் வேண்டும்; அவனுக்கு முடி கொடுத்தவள் வேண்டாம்.

ஞானம் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, "எனக்கு மாதிரியே ஒனக்கும் கொட்டிட்டா?" என்றாள்.

நீங்கள் இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். யாராவது கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

பிரம்மநாயகி

*

பாளையங்கோட்டை,
1911 நவம்பர் 8

பிரமு,

உன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. எதற்காக உன் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாய்? யார் கேட்டார்கள்? உன் அம்மா அடித்துக்கொண்டதும், நீ பின்கட்டில் உட்கார்ந்திருப்பதும் அந்தக் கல்லுக்குத் தெரியுமா? இப்படி நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். கிழித்த பிறகு, அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது யாராவது என்னிடம் ஏன் போனாய் என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

நான் இன்னும் செந்தூர் போகப்போவதில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நீ செய்ததைப் பார்த்து என் மனசு மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்கு அங்கே யாரும் இல்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சண்முகத்தின் விஷயத்தையும் சேர்த்து. முதலில் மொட்டைத் தலையோடு வாசல்படி ஏறக்கூடாது, முடி வளரும் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றாள். இது அவளுடைய வீடும்தான் என்றேன். அவள் ஏறாத படியை நானும் ஏற மாட்டேன் என்றேன். இன்று காலையில் அம்மா, "வாறவளுக்குத் தலைக்குத் தேய்க்க நல்லெண்ணெ வாங்கிப் போடு, வெயில் தாங்காது," என்றாள்.

உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காக இன்னொரு சண்டை வேண்டாம். சனிக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். தயாராக இருங்கள். திருநெல்வேலி ஸ்டேஷனில் இறங்கினதும் மூடுவண்டி பிடிக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆற்றுப்பாலத்தின் மேலே பகலில் நடந்தே வருவோம். என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். முக்காடு போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

சிவசைலம்

*

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி 23, வியாழக்கிழமை

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால் கட்டுவதற்குள் இதை அனுப்ப வேண்டும், அதனால் நாலு வரி.

எனக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. எழுதி எழுதிக் கைதான் வலிக்கிறது. மீதிக் கோபத்தை ஒரே வீட்டில் இருந்துகொண்டு படலாம். நடந்து வரச் சம்மதம். என் காலில் கொப்பளம் ஆறவில்லை, ஞானத்தை நீங்கள்தான் தூக்க வேண்டும்.

சனிக்கிழமை வரைக்கும் என்னால் இந்தப் பின்கட்டில் இருக்க முடியாது. அம்மா என்ன சொன்னாலும் நான் சமாளித்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமையே வாருங்கள்.

பிரமு